உட்கார்ந்தே பழகியவர்கள் ஓடத் தொடங்குவது எப்படி? புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி முதல் வாரத்தில் கடற்கரைச் சாலைக்குப் போனால் புது ஷூக்களை நிறையப் பார்க்கலாம். காந்தி சிலையில் வேகமாகக் கிளம்புகிறவர்கள் டூப்ளே சிலையை எட்டுவதற்குள் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறார்கள். பொங்கல் முடிவதற்குள் அவர்களில் பலரைக் காணோம். மன உறுதி போதவில்லை என்று வீட்டில் சொல்வார்கள், அவர்களும் அப்படியே நம்பிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலானவர்களிடம் உறுதி வேண்டிய அளவு இருந்தது. அவர்களுடைய கால்கள் தாங்குகிற வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடினார்கள், அவ்வளவுதான்.

ஓடத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். மூன்று நான்கு வாரத்திலேயே மூச்சிரைப்பு குறைவது தெரியும். எலும்புக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கும் அந்த அவசரம் கிடையாது. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் இறங்கும்போதும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை அந்தக் காலில் விழுகிறது. 'மூச்சு சரியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஓடலாமே' என்று தோன்றுகிற நான்காவது வாரத்தில்தான் முன்கால் எலும்பு வலிக்கத் தொடங்கும், குதிகால் பிடிக்கும். அதனால்தான் கீழே வரும் திட்டம் கால்களின் கணக்குப்படி போகிறது. மூச்சு இதைவிட வேகமாகப் போகச் சொல்லும். நான்கு மாதத்துக்கு அதன் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இந்த ஊரில் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023-ல் வெளியான 'இண்டியாப்' (INDIAB) நீரிழிவு ஆய்வின்படி, வயது வந்தோரில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாடு முழுவதும் 11.4 விழுக்காடு. புதுச்சேரியில் அது 26.3 விழுக்காடு, அதாவது நான்கு பேரில் ஒருவருக்கும் மேல். கோவாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போ 75 நிமிடக் கடும் உழைப்போ உடம்புக்குத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் ஓடினால் 90 நிமிடம் ஆகிவிடும். நாம் போக நினைக்கும் இடமும் அதுதான்: வாரத்தில் மூன்று நாள், நிற்காமல் முப்பது நிமிடம், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே.

யார் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்

படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் அழுத்தம் வருகிறதா? காரணம் தெரியாமல் மயங்கி விழுந்ததுண்டா? இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இதயநோய் என்று ஏதாவதற்கு மருந்து எடுக்கிறீர்களா? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பே, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்ததா? கர்ப்பமாக இருக்கிறீர்களா, அண்மையில் குழந்தை பிறந்ததா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். 40 வயதைத் தாண்டி, பல வருடமாக அசையாமல் இருந்தவர்களும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 'ஓடலாம்னு இருக்கேன்' என்று சொல்லிக் கேளுங்கள். 'எக்சர்சைஸ் பண்ணலாமா' என்று பொதுவாகக் கேட்டால் 'தாராளமா நடங்க' என்று பொதுவாகத்தான் பதில் வரும்.

பெண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்றால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவைச் சரிசெய்யாமல் ஓடினால் எத்தனை வாரம் போனாலும் முன்னேற்றமே தெரியாது, பழியை உங்கள் மேலேயே போட்டுக்கொள்வீர்கள்.

முதல் இரண்டு வாரம்: வெறும் நடை

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்ட வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், கை வீசிக் கொஞ்சம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரியானது. இரண்டு வாரம் கழித்தும் அரை மணி நேர நடை கஷ்டமாக இருந்தால் இன்னும் இரண்டு வாரம் நடங்கள். உடல் எடை அதிகமாக உள்ளவர்கள், முழங்காலில் பழைய வலி உள்ளவர்கள் ஒரு மாதம் நடந்துவிட்டு ஓட்டத்துக்கு வருவது மூட்டுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

நடக்கும் நாட்களிலேயே நேரத்தையும் முடிவு செய்துவிடுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து பழக்கமில்லாதவர், எழுவதையும் ஓடுவதையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டும் நிலைக்காது. இரண்டு வார நடையில் எழுந்திருப்பது பழகிவிடும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கும், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அம்மாக்களுக்கும் மாலைதான் சரிப்படும். காலை ஓட்டம்தான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எந்த நேரத்தில் வாரம் மூன்று நாள் தவறாமல் வர முடியுமோ அதுவே உங்கள் நேரம்.

ஷூ

செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் இது. 'ரன்னிங்' என்று குறித்த, முன்பாதம் கையால் வளைத்தால் வளைகிற, கனமில்லாத ஷூ போதும். 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கி, ஓடும்போது இருக்கும் அளவில் இருக்கும். போடப்போகும் காலுறையையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். நின்றால் கால் விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். 'போடப்போட லூசாயிடும் சார்' என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். கடையில் கடித்தால் சாலையிலும் கடிக்கும்.

மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வியர்வை சீக்கிரம் உலரும் டி-ஷர்ட், ஷார்ட்ஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். ஷூவை மட்டும் அங்கே வாங்க வேண்டாம் என்பேன், உள்ளே இருக்கும் மெத்தை எப்படிப்பட்டது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பருத்திக் காலுறை வியர்வையில் ஊறிக் கொப்புளம் தரும், நைலான் கலந்தது மேல். பெண்களுக்கு நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்கு இணையான அவசியம். மற்றபடி சுடிதாரில் ஓடுகிறீர்களா, டிராக் பேன்ட்டில் ஓடுகிறீர்களா என்பது உங்கள் வசதி. துப்பட்டாவை மட்டும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே ஓடலாம்

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளை விடுவதில்லை. ஓடத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு எது? ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லை, வெளிச்சம் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. ஆனால் தரை கடினம். நடைபாதைக் கல்லைவிடச் சாலையின் தார் கொஞ்சம் மென்மை, அதனால் சாலையில் இறங்கியே ஓடுங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து ஓட வேண்டியிருக்கும், அந்த இரண்டு மாலைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் இரண்டு மாதத்துக்கு நான் மண் தரையைத்தான் சொல்வேன். லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம் அதற்கு ஏற்றது. அதிகாலையில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், பந்து விளையாடும் பையன்கள் என்று கலகலப்பாகவே இருக்கும். உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம் நகரத்துக்கு நடுவில் இருப்பவர்களுக்கு வசதி. 1826-ல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்கா நிழலானது, ஆனால் பாதைகள் வளைந்து நெளிந்து போவதால் அதை நடைக்கு வைத்துக்கொள்ளலாம். பாரதி பூங்காவும் அப்படித்தான்.

கடற்கரை மணலில் ஓடுவது கண்ணுக்கு அழகு. புதியவர்களுக்கு வேண்டாம். பொதபொதவென்ற மணலில் குதிகால் உள்ளே புதைந்து, கெண்டைக்கால் தசையையும் குதிகால் தசைநாணையும் இழுக்கும். அலை நனைத்த இறுகிய மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் மேட்டிலும் மறுகால் பள்ளத்திலும் விழும். வீராம்பட்டினத்துப் பக்கம் இருப்பவர்கள் மணலில் நடங்கள், ஓடுவதை உள்சாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் ஓடவே வேண்டாம். வண்டி வரும் சாலையில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் வெளிர்நிறச் சட்டை போடுங்கள், காதில் ஹெட்போன் வேண்டாம்.

தெருநாய்கள் பற்றிக் கேட்காத புதியவரே இல்லை. நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், அதுதான் முதல் விதி. ஓடுவதைத்தான் அது துரத்தும். கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பக்கவாட்டில் மெதுவாக விலகுங்கள். கடித்தால், லேசான பல் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நாளை பார்க்கலாம் என்று தள்ளக் கூடாத விஷயம் இது.

எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். 'இன்னிக்கு வீட்ல என்ன சமையல், எங்க வீட்ல மீன் குழம்பு' என்று நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லிப் பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தனியாக ஓடுகிறவர் வாய்விட்டு ஒரு குறள் சொல்லிப் பார்க்கலாம். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி.

இப்படி ஓடினால் பக்கத்தில் வேகமாக நடக்கிற தாத்தா உங்களைத் தாண்டிப் போகக்கூடும். போகட்டும். ஒரு கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது, பத்து நிமிடம் ஆனாலும் அது ஓட்டம்தான். இந்த மெதுவான வேகத்தில்தான் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, தசைநாண்கள் காயப்படாமல் உறுதியாகின்றன. வெட்கத்தால் வேகம் கூட்டுகிறவர்கள்தான் அதிகம் காயப்படுகிறார்கள்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பைவிட இந்தப் பேச்சுச் சோதனை நம்பகமானது. அதிலும் அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை எடுக்கிறவர்களுக்கு அந்த மருந்தே துடிப்பைக் குறைத்து வைக்கும், கடிகாரத்தின் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

ஓடும் முறை பற்றி நிறையச் சொல்வார்கள். இப்போதைக்கு மூன்று போதும். எட்டைக் குறுக்குங்கள், பாதம் உடலுக்கு நேர் கீழே இறங்கட்டும், முன்னால் எட்டி வைக்க வேண்டாம். காலடிச் சத்தம் குறையட்டும், 'தொப் தொப்' என்று கேட்டால் எட்டு நீளம் என்று பொருள். தோளையும் விரல்களையும் தளர்த்துங்கள். மூச்சை மூக்கால் மட்டுமே விட வேண்டும் என்றெல்லாம் இல்லை, வாயும் மூக்கும் சேர்ந்து இழுக்கட்டும். விலாவில் குத்துப் பிடித்தால் நடைக்கு மாறி, ஆழமாக மூச்சை வெளியே விட்டால் போய்விடும்.

பதினான்கு வாரத் திட்டம்

முன்பு சொன்ன நடை வாரங்கள் முடிந்த பிறகுதான் இந்தக் கணக்கின் 1-ஆம் வாரம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் வேகநடையில் தொடங்கி, ஐந்து நிமிடம் மெதுநடையில் முடியுங்கள். கீழே உள்ளது நடுப்பகுதி மட்டும். தூரத்தைக் கணக்கிட வேண்டாம், நிமிடம் மட்டும்தான்.

1, 2-ஆம் வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. எட்டு முறை. இரண்டு வாரமும் இதே.
3-ஆம் வாரம்: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஆறு முறை.
4-ஆம் வாரம்: மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்து முறை.
5-ஆம் வாரம்: பின்வாங்கும் வாரம். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்து முறை.
6-ஆம் வாரம்: நான்கு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நான்கு முறை.
7-ஆம் வாரம்: ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நான்கு முறை.
8-ஆம் வாரம்: ஏழு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூன்று முறை.
9-ஆம் வாரம்: மறுபடி பின்வாங்கும் வாரம். ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூன்று முறை.
10-ஆம் வாரம்: பத்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மறுபடி பத்து நிமிடம் ஓட்டம்.
11-ஆம் வாரம்: அதுவே, பன்னிரண்டு நிமிடமாக.
12-ஆம் வாரம்: இரண்டு நாள் பன்னிரண்டு நிமிடத் திட்டம். ஞாயிறு மட்டும் இருபது நிமிடம் நிற்காமல்.
13-ஆம் வாரம்: இரண்டு நாள் இருபது நிமிடம். ஞாயிறு இருபத்தைந்து.
14-ஆம் வாரம்: இரண்டு நாள் இருபத்தைந்து. ஞாயிறு முப்பது நிமிடம்.

5-ஆம் வாரமும் 9-ஆம் வாரமும் வரும்போது நன்றாகத்தான் இருப்பீர்கள், எதற்குக் குறைக்க வேண்டும் என்று தோன்றும். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. அந்த நடு இடைவெளியில் சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் விரிசல் வரும். இந்த இரண்டு வாரமும் அதற்காகத்தான்.

ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். இதில் தேர்வும் இல்லை, தோல்வியும் இல்லை. இருபது வாரத்தில் முப்பது நிமிடத்தை எட்டுகிறவர் பதினான்கு வாரத்தில் எட்டியவரைவிடக் குறைந்தவர் இல்லை. எளிதாக இருக்கிறது என்று ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிப்பதை மட்டும் செய்ய வேண்டாம்.

எப்போது தொடங்குவது? டிசம்பர் நடுவில் நடையைத் தொடங்கி, ஜனவரியில் ஓட்டத்துக்கு வந்தால், ஏப்ரலில் முப்பது நிமிடத்தைத் தொட்டுவிடலாம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கும், அதற்குள் உடம்பு வெயிலுக்கும் படிப்படியாகப் பழகியிருக்கும். ஜூலையில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர், நவம்பருக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் கடற்கரைச் சாலைப் பக்கமே போக வேண்டாம். சாதாரண மழை நின்ற மறுநாள் போகலாம், தேங்கிய தண்ணீருக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள், கீழே திறந்த வாய்க்கால் இருக்கலாம்.

ஓடாத நாட்களில் பத்து நிமிடம்

வாரத்தில் இரண்டு நாள், வீட்டிலேயே. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை. வாசல் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது பன்னிரண்டு முறை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது பத்து முறை. ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று. அப்புறம் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது.

இவற்றில் குதிகால் உயர்த்துவதை விடவே கூடாது. ஓட்டத்தில் கெண்டைக்கால்தான் அதிகம் உழைக்கிறது, நாற்காலியிலேயே காலம் கழித்தவர்களுக்கு அதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும்.

புழுக்கம், தண்ணீர்

நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஓடுகிறவருக்கு எதிரி. வியர்வை வெளியே வருவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காற்றில் ஆவியானால்தான் குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்காது. சூரியன் எழுவதற்கு முன் ஓடினாலும் மே மாதத்தில் மூச்சு முட்டுவது இதனால்தான். அப்படிப்பட்ட நாளில் அதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், நடை இடைவெளியைக் கூட்டுங்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அக்னி நட்சத்திர நாட்களில் ஓட்ட நேரத்தைப் பாதியாக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு டம்ளர் தண்ணீர். முப்பது நிமிட ஓட்டத்துக்கு நடுவில் தண்ணீர் தேவைப்படாது, தாகமெடுத்தால் குடிக்கலாம். வந்தபிறகு உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், இளநீர் எல்லாம் நல்லது. அதிகம் வியர்த்துத் தலை வலித்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம், தலை தட்டிய கரண்டியாக அளந்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

தலைசுற்றல், குமட்டல், புழுக்கத்திலும் மயிர்க்கூச்செறிதல், இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள். கூட ஓடுகிறவர் பேச்சுக் குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் தடுமாறினாலோ அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

சாப்பாடும் சர்க்கரையும்

சர்க்கரை நோய் இல்லாதவர்கள் காலையில் வெறும் வயிற்றில் அரை மணி நேரம் ஓடலாம். தலை லேசாக இருந்தால் பாதி வாழைப்பழம் போதும். மாலையில் ஓடுகிறவர்கள் முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம் விடுங்கள். ஓடிவிட்டோம் என்பதற்காக வழியில் வடையும் போண்டாவும் சாப்பிட்டால், எரித்ததைவிட அதிகம் உள்ளே போகும். முட்டை, சுண்டல், பாசிப்பயறு, மீன் என்று புரதம் உள்ள எதையாவது இட்லி தோசையோடு சேர்த்துக்கொள்ளுங்கள், தசை பழுதுபார்க்க அது வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைட், கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் ஓடும்போதோ, சில மணி நேரம் கழித்தோகூடச் சர்க்கரை தாழ்ந்து போகலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்பே மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். இன்சுலினோ அந்த மாத்திரைகளோ எடுப்பவர்கள் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ நாலு மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். கை நடுக்கம், குளிர் வியர்வை, திடீர்ப் பசி வந்தால் அங்கேயே வாயில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்குகளையும் சேர்த்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வலிக்காது, கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணின் விழித்திரையில் பாதிப்பு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் கண் மருத்துவரின் அனுமதி இல்லாமல் ஓட வேண்டாம்.

எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது

தொடையும் கெண்டைக்காலும் மறுநாள் இரண்டு பக்கமும் ஒரேபோலக் கனத்து வலித்தால் அது பழக்கமின்மை. இரண்டு நாளில் போய்விடும், நடக்கலாம்.

முன்கால் எலும்பின் உள்ஓரம் நீளமாக ஒரு கோடு போல வலித்தால் சுமை கூடிவிட்டது. ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, வலியில்லாமல் நடந்துவிட்டு, திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். அதே எலும்பில் ஒரு விரல் நுனி வைக்கும் அளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் சுரீரென்றால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அது எலும்பு விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார்க்கும்வரை ஓடவே கூடாது. தைலம் தேய்த்துக்கொண்டு ஓடி, இதை மாதக்கணக்கில் இழுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் எட்டில் குதிகால் குத்தினால் பாதத்தின் அடி நார் புண்பட்டிருக்கிறது. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்யுங்கள், ஓட்டத்தைக் குறையுங்கள். படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால் எட்டைக் குறுக்கி, நாற்காலிப் பயிற்சியைக் கூட்டிப் பாருங்கள். எந்த வலியானாலும் நொண்டி ஓடும் நிலை வந்தால் அந்த நிமிடமே நடைக்கு மாறுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் நின்று, உட்கார்ந்து, 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டாம்.

முப்பது நிமிடம் வந்த பிறகு

முப்பது நிமிடத்தில் மூன்றரை கிலோமீட்டரும் ஆகலாம், நாலரையும் ஆகலாம். ஒரு மாதம் அதையே ஓடுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் நீட்டிக்கொண்டே போகலாம், மற்ற இரண்டு நாளும் அப்படியே இருக்கட்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பின்வாங்கும் வாரம் இங்கேயும் உண்டு. 2008-லிருந்து ஆரோவில் மாரத்தான் நடக்கிறது, பெரும்பாலும் பிப்ரவரியில். முழு மாரத்தான், அரை மாரத்தானோடு பத்து கிலோமீட்டர் பிரிவும் அதில் உண்டு. காட்டுக்குள் செம்மண் பாதையில் ஓடலாம். ஜனவரியில் தொடங்கியவருக்கு அடுத்த பிப்ரவரி நல்ல இலக்கு. அதே பிப்ரவரிக்கு அவசரப்பட வேண்டாம். ஷூவை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். வாரம் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஒரு வருடம் தாண்டியும் வரும்.

நடுவில் விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். மழை, கல்யாணம், பிள்ளையின் பரீட்சை, காய்ச்சல் என்று ஏதாவது வரும். ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் திட்டத்தில் மூன்று வாரம் பின்னால் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் 3-ஆம் வாரத்திலிருந்து. சளி மூக்கோடு நின்றால் மெதுவாக ஓடலாம், காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் கூடாது. டெங்கு வந்தவர்கள் மருத்துவர் சொன்ன பிறகும் முதல் இரண்டு வாரம் நடை மட்டும். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு வலி பல வாரம் நீடிக்கலாம், காலையில் கணுக்கால் விறைப்பு முழுதாகப் போகும்வரை நடந்துகொண்டே இருங்கள், அப்புறம் 1-ஆம் வாரத்திலிருந்து ஓடலாம்.